திரையில் எரியும் பல்பு: சிமுலேஷன் வந்துவிட்டால் செய்முறை வகுப்பு வேண்டாமா?

ஒரு பேட்டரி, ஒரே மாதிரியான இரண்டு பல்புகள். இரண்டையும் தொடராக இணைத்தால் எது அதிகப் பிரகாசமாக எரியும்?

எந்தப் பள்ளியில் கேட்டாலும் ஒரு குரல் வரும்: "முதல் பல்புதான் சார். பாதி கரன்ட்டை அதுவே எடுத்துக்கும்ல?" பதில் தவறு. இரண்டும் ஒரே அளவில்தான் எரியும். மின்னோட்டம் போகிற வழியில் செலவாகித் தீர்ந்துபோவதில்லை. தொடர்ச் சுற்றில் எங்கே அளந்தாலும் ஒரே அளவுதான் இருக்கும்.

இதைப் புரியவைக்க இரண்டு வழி உண்டு. ஒயரையும் பல்பையும் மாணவர் கையில் கொடுத்து இணைக்கச் சொல்லலாம். அல்லது ஒரு செல்போனையோ கணினியையோ கொடுத்து, திரையில் அதே சுற்றை அமைக்கச் சொல்லலாம். இரண்டாவது வழிக்குப் பெயர்தான் சிமுலேஷன். தமிழில் 'பாவனை', 'உருவகப்படுத்தல்' என்றெல்லாம் எழுதுகிறார்கள்.

எது சிறந்தது என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளாகப் பதில் சேர்த்துவருகிறார்கள். அந்தப் பதில் சென்னையின் தனியார் பள்ளியை விட, கல்வராயன் மலை அடிவாரத்து வடக்கனந்தலுக்கும் மலைமேல் வெள்ளிமலைக்கும்தான் அதிகம் முக்கியம். காரணத்தைப் பார்க்கலாம்.

வீடியோ வேற, சிமுலேஷன் வேற

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். யூடியூபில் பார்க்கும் அனிமேஷன் சிமுலேஷன் ஆகாது. வீடியோவில் எல்லாருக்கும் ஒரே முடிவுதான் வரும். சிமுலேஷனில் "இதை மாத்தினா என்ன ஆகும்?" என்று கேட்கலாம். மூன்றாவது பல்பைச் சேர்த்தால்? பேட்டரியைத் திருப்பிப் போட்டால்? கேட்டதற்கு ஏற்பத் திரை மாறும். ஏனென்றால் பின்னால் ஓடிக்கொண்டிருப்பது படம் அல்ல, கணக்கு. ஓம் விதி போன்ற ஒரு விதியைக் கணினி ஒவ்வொரு நொடியும் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

உலக அளவில் இதற்குப் பெயர்பெற்றது 'ஃபெட்'. அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 2002-ல் இதைத் தொடங்கியவர் கார்ல் வீமன். 2001-ம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஃபெட் சிமுலேஷன்களுக்குக் கட்டணம் கிடையாது. ஒருமுறை தரவிறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். தமிழிலும் பல சிமுலேஷன்கள் கிடைக்கின்றன.

இந்தியாவிலும் முயற்சிகள் உண்டு. கல்லூரி மாணவர்களுக்காக மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 'விர்ச்சுவல் லேப்ஸ்' இருக்கிறது. ஒருங்கிணைப்பது டெல்லி ஐஐடி. 9 முதல் 12-ம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு சி-டாக் நிறுவனமும் அமிர்தா பல்கலைக்கழகமும் உருவாக்கிய 'ஓலேப்ஸ்' இருக்கிறது. 2022-23 மத்திய பட்ஜெட்டில் அறிவியல், கணிதத்துக்கு 750 மெய்நிகர் ஆய்வகங்களும், தொழில்திறன் பயிற்சிக்கு 75 மின் ஆய்வகங்களும் அறிவிக்கப்பட்டன.

தமிழ்நாட்டில் இது பாடப்புத்தகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. 2018-க்குப் பிறகு வந்த புதிய அறிவியல் புத்தகங்களில் 'இணையச் செயல்பாடு' என்றொரு பெட்டி இருக்கும். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் சில பாடங்களில் அது நேராக ஃபெட் சிமுலேஷனுக்கே கொண்டுபோய் விடும். 2023 ஜூலையில் பள்ளிக் கல்வித் துறையின் 'மணற்கேணி' செயலி வந்தது. 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைக்கப்பட்டிருக்கிறது.

ஆக, கருவி வந்துவிட்டது. அதை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதுதான் மீதிக் கேள்வி.

ஆய்வுகள் சொல்வது என்ன?

2005-ல் வெளியான ஓர் ஆய்வு பலரையும் புருவம் உயர்த்த வைத்தது. கொலராடோ ஆய்வாளர்கள், கல்லூரியில் அடிப்படை இயற்பியல் படித்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு நிஜமான பல்பு, ஒயர், மீட்டரோடு மின்சுற்று வகுப்பைச் செய்தது. மற்றொரு பிரிவு அதே வகுப்பைத் திரையில் மட்டும் செய்தது. பிறகு இரண்டு பிரிவினரிடமும் நிஜமான பொருட்களைக் கொடுத்து, "ஒரு சுற்றை அமைத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்குங்கள்" என்றார்கள். அதுவரை ஒயரையே தொடாத சிமுலேஷன் பிரிவினர்தான் விளக்கத்தில் முந்தினார்கள். பின்னர் நடந்த தேர்வில் மின்சுற்றுக் கேள்விகளிலும் அவர்கள் கை ஓங்கியிருந்தது.

காரணம் எளிது. நிஜ ஒயரைப் பிரித்துப் பார்த்தாலும் எலெக்ட்ரான் தெரியாது. திரையில் அது ஊர்ந்துபோவது தெரியும். முதல் பல்பைக் கடந்த பிறகும் அதே வேகத்தில் போவதைக் கண்ணால் பார்த்தவருக்கு, கரன்ட்டை முதல் பல்பு தின்றுவிடும் என்ற எண்ணம் தானாகவே கழன்றுவிடுகிறது. இன்னொன்று, நிஜ வகுப்பில் பாதி நேரம் லூஸ் கனெக்‌ஷனைத் தேடுவதிலேயே போய்விடும். திரையில் அந்தத் தொல்லை இல்லை.

"அப்போ லேபை மூடிடலாமா?" அவசரப்பட வேண்டாம்.

சைப்ரஸ் நாட்டில் சகரியா என்ற ஆய்வாளரின் குழு இதே கேள்வியைப் பல வயதினரிடம் சோதித்தது. 2007-ல் வெளியான ஆய்வில், நிஜப் பொருள் மட்டும் பயன்படுத்தியவர்களைவிட, நிஜத்தையும் திரையையும் சேர்த்துப் பயன்படுத்தியவர்கள் மின்சுற்றை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். 2012-ல் மழலையர் வகுப்புக் குழந்தைகளிடம் தராசை வைத்துச் செய்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது. தராசு எப்படி இயங்கும் என்பதைப் பற்றி ஏற்கெனவே தவறான எண்ணம் வைத்திருந்த குழந்தைகளுக்குக் கையால் தொட்டு, எடையை உணர்வது அவசியமாக இருந்தது. அவர்களுக்குத் திரை போதவில்லை.

2013-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் டி யோங், லின், சகரியா மூவரும் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டவும், சிக்கலைக் குறைத்துக் காட்டவும், பலமுறை வேகமாகச் செய்துபார்க்கவும் திரை உதவும். கருவியைக் கையாளவும், அளவீட்டில் வரும் பிழையைச் சந்திக்கவும் நிஜ ஆய்வகம் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில்தான் பலன் அதிகம். அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்.

திரை சொல்லித்தராதது

12-ம் வகுப்பு வேதியியலில் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலை எடுத்துக்கொள்வோம். திரையில் ஒரு பட்டனைத் தட்டினால் சொட்டு விழும்; நிறம் மாறும்; முடிவு வரும். நிஜத்தில் பியூரெட்டின் திருகை ஒரு கையால் பிடித்து, கூம்புக் குடுவையை மறு கையால் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் தோன்றி மறையும், தோன்றி மறையும். எந்தச் சொட்டில் அது மறையாமல் நிற்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடிவிட்டால் மீண்டும் முதலிலிருந்து. அந்தப் பொறுமை கையில் ஏறுவது, கை செய்யும்போதுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. திரையில் குவிலென்ஸின் குவியத் தொலைவு ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக வரும். நிஜத்தில் மூன்று முறை அளந்தால் மூன்று அளவு வரும். "எது சரி மிஸ்?" என்று மாணவி கேட்கும் அந்த இடத்தில்தான் சராசரி எதற்கு, பிழை என்றால் என்ன என்ற பாடம் தொடங்குகிறது. எப்போதும் சரியான விடையே வரும் ஆய்வகத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இருக்காது.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று ஊரில் சொல்வார்கள். திரைச் சுரைக்காய்க்கும் இது பொருந்தும். ஆனால் கொலராடோ ஆய்வைப் படித்தவர் ஒரு திருத்தம் சொல்வார்: திரைச் சுரைக்காயை முதலில் பார்த்துவிட்டு வந்தவர், நிஜச் சுரைக்காயை இன்னும் நன்றாக நறுக்குகிறார்.

சிறுவங்கூரில் யாரும் இப்படிக் கேட்பதில்லை

திரையா நிஜமா என்ற விவாதத்துக்கு விடை தேட வெளிநாடு போக வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே இருக்கிறது.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி சிறுவங்கூரில் இயங்குகிறது. 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் இதுவும் ஒன்று. நாடு முழுவதும் 2019-ல் அறிமுகமான புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தின்படி மருத்துவக் கல்லூரிகளில் திறன் ஆய்வகம் கட்டாயம். மாணவர்கள் மனித உருவப் பொம்மையின் மார்பை அழுத்தி உயிர்காப்பு முதலுதவி பழகுவார்கள். செயற்கைக் கையில் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். நோயாளிமேல் கை வைக்கும் முன் தப்பெல்லாம் பொம்மையோடு போகட்டும் என்பதுதான் நோக்கம்.

சரி, "எங்களிடம் பொம்மை இருக்கிறது, அதனால் மருத்துவமனை வேண்டாம்" என்று ஒரு மருத்துவக் கல்லூரி விண்ணப்பித்தால் அங்கீகாரம் கிடைக்குமா? கிடைக்காது. இத்தனை படுக்கை, இத்தனை துறை என்று கணக்கோடு மருத்துவமனை இருந்தாக வேண்டும். பொம்மை வார்டுக்கு முந்தைய படி. வார்டுக்குப் பதில் ஆகாது.

விமானிகளும் அப்படித்தான். சிமுலேட்டரில் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும், நிஜ விமானத்தில் பறக்காமல் ஒருவருக்கு முதல் உரிமம் கிடைக்காது.

டாக்டருக்கும் பைலட்டுக்கும் ஒத்துக்கொள்ளும் இந்த நியாயம், அரசுப் பள்ளி மாணவர் என்றதும் ஏன் மறந்துபோகிறது? "லேப் இல்லையா? பரவாயில்லை, ஆப் இருக்கே" என்ற பதில் அங்கே மட்டும் ஏன் எளிதாக வருகிறது?

ஒரே ஆப், இரண்டு கல்வி

ஆபத்து இங்கேதான். நகரத்தில் வசதியான ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். காலையில் சிமுலேஷன், மதியம் ஆய்வகம். அங்கே திரை என்பது ஒத்திகை. மலை அடிவாரத்திலோ மலைமேலோ ஆய்வகம் பூட்டிக்கிடக்கும் ஒரு பள்ளியில் அதே சிமுலேஷன்தான் மொத்த நாடகமும். இரண்டு பேரும் ஒரே செயலியைத்தான் பயன்படுத்துகிறார்கள். கிடைத்த கல்வி ஒன்றல்ல. பயன்பாட்டு எண்ணிக்கையை மட்டும் காட்டும் அறிக்கையில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

மதிப்பெண்ணிலும் இது தொடும். 10-ம் வகுப்பு அறிவியலில் 100-ல் 25 மதிப்பெண் செய்முறைக்கு. 12-ம் வகுப்பு இயற்பியல், வேதியியலில் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் சேர்த்து 30. மதிப்பெண்ணைவிடப் பெரிய இழப்பு அதற்குப் பிறகு வரும். அண்ணன் எழுதிய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ரீடிங்கை அப்படியே எழுதி வந்த மாணவர், கல்லூரி ஆய்வகத்தில் முதல் நாளே மல்டிமீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ரெக்கார்டு நோட்டு போய் ஸ்க்ரீன்ஷாட் வந்தால் மட்டும் அது மாறிவிடாது.

மலைமேல் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. கல்வராயன் மலைக் கிராமங்கள் பலவற்றில் செல்போன் சிக்னலே சவால்தான். அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் பிள்ளையிடம் சொந்தமாக செல்போனும் இருக்காது. க்யூஆர் குறியீடு அச்சடித்த பாடப்புத்தகம் கையில் இருக்கும். அதைத் திறக்கும் சாவி இருக்காது.

நல்ல முன்னுதாரணம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கப்பட்ட 'வானவில் மன்றம்' திட்டத்தில், கருத்தாளர்கள் சோதனைப் பொருட்களோடு பள்ளி பள்ளியாகப் போகிறார்கள். 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்பு வரை இது நடக்கிறது. பிள்ளைகள் கையில் பொருளைக் கொடுக்க வேண்டும் என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. பொதுத்தேர்வை நெருங்கும் 9-ம் வகுப்புக்கு மேல் அந்தக் கை ஏன் நின்றுவிட வேண்டும்?

கோமுகி அணையைத் திரையில் திறக்கலாம்

நிஜத்தில் செய்யவே முடியாத சோதனைகளில்தான் சிமுலேஷனின் முழு பலம் தெரியும். வடக்கனந்தலுக்குப் பக்கத்திலேயே அப்படியொன்று இருக்கிறது.

கச்சிராயப்பாளையம் அருகே உள்ள கோமுகி அணையின் முழு உயரம் 46 அடி. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கல்படை, பொட்டியம் போன்ற ஆறுகள் வழியே இதில் சேர்கிறது. "இந்த ஐப்பசியில் மழை இரண்டு மடங்கு பெய்தால் அணை எத்தனை நாளில் நிரம்பும்? எப்போது ஷட்டரைத் திறக்க வேண்டும்?" இதை நிஜ அணையில் எந்த மாணவரும் சோதித்துப் பார்க்க முடியாது. ஹைடெக் லேப் கணினியில், ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் முடியும்.

கணக்கு இவ்வளவுதான்: இன்றைய இருப்பு, அதோடு இன்று வரும் நீர், அதிலிருந்து திறந்துவிட்ட நீரையும் ஆவியான நீரையும் கழித்தால் நாளைய இருப்பு. வரிசைக்கு ஒரு நாள் என்று சூத்திரத்தை இழுத்துவிட்டால் மூன்று மாத அணை கண்முன் நிற்கும். பிறகு செய்தித்தாளில் வரும் நிஜ நீர்மட்டத்தோடு ஒப்பிடலாம். கட்டாயம் பொருந்தாது. ஏன்? அணை ஒரு பெட்டி அல்ல, கிண்ணம். அடியில் ஓர் அடி உயர வேண்டிய நீரும் மேலே ஓர் அடி உயர வேண்டிய நீரும் ஒன்றல்ல. காய்ந்த மண் முதல் மழையைக் குடித்துவிடும். இப்படி ஒவ்வொரு பிழையும் ஒரு பாடமாகும். சூத்திரத்தைத் திருத்தித் திருத்தி நிஜத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் விஞ்ஞானிகள் செய்யும் வேலையும்.

யாரோ செய்துகொடுத்த சிமுலேஷனைத் தட்டிப் பார்ப்பது ஒரு நிலை. தானே ஒன்றைக் கட்டி, அது எங்கே பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பது அடுத்த நிலை. இதற்குத் தேவை ஒரு கணினி, ஓர் அணை, கேள்வி கேட்கத் தெரிந்த ஓர் ஆசிரியர். முதல் இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஆய்வாளருக்கு இதில் என்ன கிடைக்கும்?

வினாத்தாள் மாணவரின் விடையைத்தான் காட்டும். அந்த விடைக்கு அவர் வந்த வழியை சிமுலேஷன் காட்டும். எதை முதலில் மாற்றினார், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினாரா, எல்லாவற்றையும் ஒரே அடியாகக் கலைத்தாரா என்பதெல்லாம் பதிவாகும். கல்வி ஆய்வுக்கு இது பெரிய கண்ணாடி.

15 வயதினருக்கான சர்வதேச மதிப்பீடான பீசா, 2015 முதல் அறிவியலில் இப்படிக் கேள்வி கேட்கிறது. மாதிரி வினா ஒன்றில், வெயிலில் ஓடும் ஒருவரின் உடலைத் திரையில் காட்டி, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் மாணவரையே மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். இந்தத் தேர்வுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும் இதன் 2009 சுற்றின் நீட்டிப்பில் கலந்துகொண்டன. 74 பங்கேற்பாளர்களில் இரண்டும் கடைசி வரிசைக்குப் போயின. மனப்பாடம் கைவிட்ட இடம் அது. மனப்பாடத்தால் தாண்ட முடியாத கேள்வியை உள்ளூரிலேயே உருவாக்க சிமுலேஷன் நல்ல வழி.

ஒரு எச்சரிக்கையும் தேவை. மாணவரின் ஒவ்வொரு தட்டலும் பதிவாகிறது என்றால், அது ஒரு பிள்ளையின் தனிப்பட்ட தரவு. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைச் சிறார் என்றே கொள்கிறது. யார் சேகரிக்கிறார்கள், எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று பெற்றோருக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு இல்லாமல் செய்யக்கூடியவை நான்கு.

ஒன்று, வரிசை. ஒவ்வொரு செய்முறைக்கும் முன் சிமுலேஷன், பின் நிஜம் என்று கால அட்டவணையிலேயே எழுதிவிடலாம். சிமுலேஷனைச் செய்தது செய்முறை செய்ததாகக் கணக்கில் வரக் கூடாது.

இரண்டு, இணையம் இல்லாத பிரதி. தரவிறக்கிய சிமுலேஷன்களை ஹைடெக் லேப் கணினிகளிலும், மலைப் பள்ளிகளுக்குப் பென்டிரைவிலும் கொடுக்கலாம். சிக்னலுக்காக யாரும் பாறைமேல் ஏற வேண்டியிருக்காது.

மூன்று, ஆசிரியர் பயிற்சி. செயலியைத் திறக்கக் கற்றுக்கொடுப்பது பயிற்சியாகாது. "பட்டனைத் தட்டுறதுக்கு முன்னாடி, என்ன நடக்கும்னு எழுது. நடந்த பிறகு, ஏன் மாறுச்சுன்னு சொல்லு." இந்த இரண்டு வரியை வகுப்பில் பழக்கமாக்குவதுதான் பயிற்சி. இது இல்லாவிட்டால் சிமுலேஷன் இன்னொரு வீடியோ கேம்.

நான்கு, அறிக்கை. எத்தனை பேர் லாகின் செய்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் கையில் பியூரெட் பிடித்தார்கள் என்பதையும் துறை கேட்க வேண்டும். ஆய்வக உதவியாளர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளியில் செயலியின் பயன்பாடு உயர்ந்தால், அதைச் சாதனையாக அல்ல, எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும்.

இதில் ஊரைவிட்டு வெளியே வந்து வேலை பார்ப்பவர்களுக்கும் பங்கு இருக்கிறது. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியே பள்ளிக்கு நேரடியாக உதவலாம். ஒரு மல்டிமீட்டரின் விலை சில நூறு ரூபாய்தான்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, படித்த பள்ளியில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள். ஹைடெக் லேபில் இந்த மாதம் எந்த சிமுலேஷனைப் பிள்ளைகள் செய்தார்கள்? பக்கத்து அறையில் இருக்கும் அறிவியல் ஆய்வகம் கடைசியாக எப்போது திறந்தது? இரண்டுக்கும் பதில் இருந்தால் அந்தப் பள்ளி சரியான பாதையில் போகிறது. முதல் கேள்விக்கு மட்டும் பதில் வந்தால், மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம் கிடைத்துவிட்டது.